கடல்வழிக் கேள்வி–பதில்: ஐந்து குறு ஊதல்களின் பொருள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கப்பல்கள் எழுப்பும் ஒலிக் குறிப்புகளைப் பற்றியே இருந்தன. அவற்றிலும் ஐயத்தைத் தெரிவிக்கும் ஊதலைக் குறித்துப் பலர் கேட்டிருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

துறைமுகத்துக்கு அருகே குடியிருக்கிறோம். உள்ளே வரும் கப்பல் சில வேளைகளில் நீளமாக ஒருமுறை ஊதுகிறது. சில வேளைகளில் விட்டு விட்டு ஐந்தாறு முறை அவசரமாக ஊதுகிறது. இரண்டாவது வகை, குறுக்கே வரும் படகுகளை விரட்டுவதற்காகவா?
— வாசகர், தூத்துக்குடி

விரட்டுவதற்காக அன்று. அந்த ஊதலுக்கு விதிப்புத்தகம் தரும் பொருள், ‘உங்கள் எண்ணமோ செயலோ எனக்குப் புரியவில்லை’ என்பது. அல்லது, ‘மோதலைத் தவிர்க்க நீங்கள் செய்வது போதுமா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது’ என்பது. கரையிலிருந்து கேட்பவர்களுக்கு அது அதட்டலாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் ஊதுகிற கப்பலின் பக்கமிருந்து பார்த்தால், தனக்குத் தெரியாத ஒன்றை அது வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது.

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான பன்னாட்டு விதிகள் 1972 அக்டோபர் 20 அன்று லண்டனில் ஏற்கப்பட்டு, 1977 ஜூலை 15 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் 34-ஆம் விதியின் டி பிரிவு இதைப் பற்றியது. ஒன்றையொன்று கண்ணால் காணக்கூடிய நிலையில் இரண்டு கலங்கள் நெருங்கிவரும்போது, எக்காரணத்தாலேனும் ஒன்றன் எண்ணமோ செயலோ மற்றதற்கு விளங்காவிட்டால், ஐயம் கொண்ட கலம் உடனடியாகக் குறைந்தது ஐந்து குறு ஊதல்களை விரைவாக எழுப்ப வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. ‘எழுப்பலாம்’ என்று விருப்பத்துக்கு விடவில்லை.

நாம் பள்ளியில் குறிலும் நெடிலும் படித்ததுபோல, கப்பலின் விசிலுக்கும் இரண்டு அளவுகளே உண்டு. குறு ஊதல் ஏறத்தாழ ஒரு வினாடி நீடிக்கும். நெடு ஊதல் நான்கு முதல் ஆறு வினாடி நீடிக்கும். கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இன்னொரு கலம் இருக்கையில், ஒரு குறு ஊதல் ‘நான் வலப்புறம் திரும்புகிறேன்’ என்று பொருள்படும். இரண்டு ஊதினால் ‘இடப்புறம் திரும்புகிறேன்’. மூன்று ஊதினால் ‘எஞ்சினைப் பின்னோக்கி இயக்குகிறேன்’. நான்கு குறு ஊதல்கள், மூடுபனியில் பைலட் படகு (கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டி அழைத்துவரும் ‘பைலட்’டை ஏற்றிச் செல்வது) தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள வைத்திருப்பவை. இவை எதனோடும் குழம்பாத முதல் எண் ஐந்து. ‘குறைந்தது ஐந்து’ என்று விதி சொல்வதால், ஐயம் தீரும்வரை ஆறு, ஏழு என்று தொடர்வதும் முறையே.

நீங்கள் கேட்கும் அந்த ஒற்றை நெடு ஊதல், வளைவிலோ மறைவிலோ எதிரே வருவது தெரியாத இடத்தை நெருங்கும் கப்பல் தன் வரவை அறிவிப்பது. குறுகிய கால்வாயில் ஐந்து ஊதல்கள் அடிக்கடி கேட்பதற்கும் காரணம் உண்டு. அந்தக் கால்வாயை விட்டு விலக முடியாத கப்பலுக்கு இடையூறாக எந்தக் கலமும் குறுக்கே கடக்கக் கூடாது என்பது 9-ஆம் விதி. அப்படி ஒரு வல்லம் குறுக்கே வரும்போது, அது கடக்கப்போகிறதா, நிற்கப்போகிறதா என்று கப்பலில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் இதே ஐந்து ஊதல்களைப் பயன்படுத்தலாம் என்று அந்த விதி தனியாகவும் குறிப்பிடுகிறது.

அமெரிக்க நூல் ஒன்றில் இதே ஊதலை ‘ஆபத்துக் குறிப்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் ‘ஐயம்’ என்கிறீர்கள். எது சரி?
— வாசகர், மதுரை

‘ஆபத்துக் குறிப்பு’ என்பது அமெரிக்க வழக்கு. அங்கே உள்நாட்டு நீர்வழிகளில் நெடுங்காலம் நான்கு ஊதல்களே அதற்கு உரியவையாக இருந்தன. இப்போது அங்கும் ஐந்துதான். பன்னாட்டு விதியின் வாசகத்தில் ‘ஆபத்து’ என்ற சொல் இல்லை. ‘ஐயம்’ என்ற சொல்தான் இருக்கிறது. நான் ‘ஐயம்’ என்பதையே பிடித்துக்கொள்வேன், அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. ‘ஆபத்து’ என்று மனத்தில் பதித்துக்கொண்ட அதிகாரி ஆபத்து வரும்வரை காத்திருப்பார். ‘ஐயம்’ என்று பதித்துக்கொண்டவர் ஐயம் தோன்றிய கணத்திலேயே பொத்தானை அழுத்துவார். இரண்டுக்கும் இடையே கழியும் மூன்று நான்கு நிமிடங்களுக்குக் கடலில் எவ்வளவு மதிப்பு என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நேருக்கு நேர் வரும் இரண்டு கப்பல்கள் தலா 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் ஓடினால், இடைவெளி நிமிடத்துக்கு அரைக் கடல் மைல் வீதம் குறைகிறது. நான்கு நிமிடத்தில் இரண்டு கடல் மைல் கரைந்துவிடும். 200 மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட நீளமுள்ள கப்பலின் விசில் எட்ட வேண்டும் என்று விதி எதிர்பார்க்கும் தொலைவும் அதே இரண்டு கடல் மைல்தான். அதுவும் காற்று அசையாமல் இருக்கும்போது.

1960-இல் திருத்தப்பட்ட முந்தைய விதிகளோடு ஒப்பிட்டால் இந்தச் சிந்தனை வளர்ந்த விதம் தெரியும். அப்போது, தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் செல்ல வேண்டிய கப்பல் மட்டும், அதுவும் விரும்பினால், ஐந்து ஊதல்களை எழுப்பலாம் என்றிருந்தது. 1972 விதிகள் அந்தக் கடமையை இரண்டு கலங்களுக்கும் பொதுவாக்கின. ‘எழுப்பலாம்’ என்பது ‘எழுப்ப வேண்டும்’ ஆனது. ஒதுங்கிப்போக வேண்டிய கப்பலுக்கும் எதிரே இருப்பதன் போக்கு புரியாமல் போகலாம் என்பதை விதி வகுத்தவர்கள் உணர்ந்த பிறகு வந்த மாற்றம் இது. அந்தச் சில சொற்களின் மாற்றத்தை நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன்.

தவறான ஊதலால் பெரும் விபத்து நேர்ந்ததுண்டா?
— வாசகர், திருச்சி

உங்கள் கேள்விக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் 1917 டிசம்பர் 6 காலையில் நடந்தது. வெடிபொருள்களை நிறைத்துக்கொண்டு மோன்ட்-பிளாங்க் என்ற பிரெஞ்சுக் கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. பெல்ஜிய மக்களுக்கான நிவாரணப் பொருள்களை ஏற்றப் புறப்பட்ட ஈமோ என்ற நார்வே நாட்டுக் கப்பல், சரக்கில்லாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. இரண்டும் ‘நேரோஸ்’ எனப்படும் குறுகலான நீர்ப்பகுதியில் எதிரெதிரே வந்தன. ஈமோ தனக்குரிய பக்கத்தை விட்டு, மோன்ட்-பிளாங்க் வரவேண்டிய பக்கத்தில் ஓடியது.

மோன்ட்-பிளாங்க் ஒரு குறு ஊதல் எழுப்பியது. ஈமோவிலிருந்து இரண்டு ஊதல்கள் பதிலாக வந்தன. மீண்டும் மோன்ட்-பிளாங்க் ஒன்று ஊதியது. மீண்டும் ஈமோ இரண்டு ஊதியது. ஒருவர் ‘என் வலம்’ என்கிறார், மற்றவர் ‘என் இடம்’ என்கிறார், இருவரும் தத்தம் சொல்லையே திருப்பிச் சொல்கிறார்கள். கடைசி நேரத்தில் மோன்ட்-பிளாங்க் இடப்புறம் திரும்பியது. ஈமோ மூன்று ஊதல்களோடு எஞ்சினைப் பின்னோக்கி இயக்கியது. சரக்கில்லாமல் உயர்ந்து மிதந்த அந்தக் கப்பலின் முன்பகுதி, புரொபெல்லர் பின்னோக்கிச் சுழன்றதும் வலப்புறம் வீசி, மோன்ட்-பிளாங்க்கின் முதல் சரக்கறைப் பக்கத்தில் மோதியது. அப்போது காலை எட்டே முக்கால் மணி. தீப்பிடித்து எரிந்த கப்பல் ஒன்பது மணி நான்கு நிமிடம் கடந்ததும் வெடித்தது. 1,700-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ 9,000 பேர் காயமுற்றார்கள். வழக்கு லண்டனில் இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை சென்று, 1920-இல் இரண்டு கப்பல்களும் சம அளவில் குற்றமுடையவை என்று முடிவானது.

அன்று நடைமுறையில் இருந்த பன்னாட்டு விதிகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற ஊதல்கள்தாம் இருந்தன. ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்வதற்கு ஓர் ஊதல் அவற்றில் இல்லை. அது இருந்திருந்தால் ஹாலிஃபாக்ஸ் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கம் மாறி ஓடியது, வேகம், பிடிவாதம் எல்லாம் சேர்ந்து நேர்ந்தது அது. எனினும், முதல் ஒற்றை ஊதலுக்கு இரட்டை ஊதல் பதிலாக வந்த அந்தக் கணம்தான் இன்றைய 34-டி பிரிவு மனத்தில் கொண்டிருக்கும் கணம். இன்று ஒரு பைலட் அந்த இடத்தில் நின்றால், தன் ஒற்றை ஊதலையே மறுபடியும் ஊதிக்கொண்டிருக்கக் கூடாது. ஐந்து ஊதி, வேகத்தை உடனே குறைக்க வேண்டும்.

கப்பல் பயிற்சி முடித்து விரைவில் மூன்றாம் அதிகாரியாகப் பணியில் சேரப்போகிறேன். எப்போது இந்த ஊதலை எழுப்ப வேண்டும் என்று விதியைப் படித்தும் தெளிவு வரவில்லை. நள்ளிரவில் ஊதினால் கேப்டன் கோபித்துக்கொள்வார் என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள்.
— வாசகர், சென்னை

உங்கள் கேள்வியில் இருக்கும் தயக்கத்தை நானும் அனுபவித்திருக்கிறேன். உங்கள் நிலையில் இருந்தபோது, இலங்கையின் தென்முனையான தெவிநுவரைக்குத் தெற்கே, கப்பல்கள் நெருக்கமாக ஓடும் வழித்தடத்தில் ஓரிரவு நான் கப்பலின் காவல் பணியில் இருந்தேன். எங்கள் இடப்புற முன்பக்கத்தில் ஒரு கப்பலின் வலப்பக்கத்தைக் காட்டும் பச்சை விளக்கு தெரிந்தது. அது எங்களை அதன் வலப்புறத்தில் வைத்திருந்ததால், 15-ஆம் விதிப்படி அதுவே ஒதுங்க வேண்டும். நாங்கள் திசையும் வேகமும் மாறாமல் செல்ல வேண்டும். திசைகாட்டியில் மூன்று முறை அதன் திசைக்கோணத்தை எடுத்தேன். மூன்று முறையும் முள் ஏறக்குறைய ஒரே எண்ணில் நின்றது. கோணம் மாறாமல் தொலைவு மட்டும் குறைந்தால் மோதல் உறுதி என்பதை நீங்கள் முதலாண்டிலேயே படித்திருப்பீர்கள்.

மூன்று கடல் மைலுக்குள் வந்தும் அந்தக் கப்பல் திரும்பவில்லை. என் கட்டைவிரல் விசில் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தினால் மேல்தளம் முழுவதும் அதிரும், உறங்குகிறவர்கள் எழுவார்கள், கேப்டன் ஏறிவந்து ஏன் என்று கேட்பார் என்று ஒரு நிமிடத்துக்கு மேல் தயங்கி நின்றேன். பிறகு ஐந்து முறை அழுத்தினேன். சமிக்ஞை விளக்கையும் அந்தப் பக்கம் திருப்பி ஐந்து முறை மினுக்கினேன். கேப்டன் வந்தார். எதுவும் கேட்கவில்லை. முதலில் கடலைப் பார்த்தார், பிறகு ரேடாரைப் பார்த்தார். சற்று நேரத்தில் எதிர்க் கப்பலின் பச்சை விளக்கு மறைந்து, இடப்பக்கத்தைக் காட்டும் சிவப்பு தெரிந்தது. அது வலப்புறம் திரும்பி எங்கள் பின்புறமாகக் கடந்து போயிற்று. “ஊதியது சரி. ஆனால் இன்னும் முன்னாலேயே என்னை எழுப்பியிருக்க வேண்டும்” என்றார். அவ்வளவுதான்.

அன்று ஒலியை விட ஒளிதான் அந்தக் கப்பலை எட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். விசில் எட்டும் தொலைவு இரண்டு கடல் மைல் என்றால், மூன்று கடல் மைலில் அது கேட்கும் என்று நம்ப முடியாது. ஊதலோடு ஒளியையும் சேர்க்க விதி இடம்தருவது இதனால்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு கடல் மைல் தொலைவைக் கடக்க ஒலிக்கு ஐந்து வினாடிக்கு மேல் ஆகிறது. அதைக் கேட்டவர் யோசித்து, சுக்கானைத் திருப்பி, கப்பல் அதற்குக் கட்டுப்பட மேலும் நேரம் வேண்டும்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இது. ‘அவன் இப்போது திரும்ப வேண்டுமே’ என்ற எண்ணம் மனத்தில் ஒருமுறை வந்துவிட்டால் அதற்குப் பெயர் ஐயம். விதி அந்த இடத்தில் ‘உடனடியாக’ என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. ஊதுவதோடு உங்கள் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. எதிர்க் கலம் ஒதுங்கவில்லை என்று தெளிவானதும் 17-ஆம் விதி உங்களையே செயல்பட அனுமதிக்கிறது. அது மட்டும் ஒதுங்கினால் மோதலைத் தவிர்க்க முடியாது என்ற நெருக்கம் வந்ததும் நீங்கள் செயல்பட்டே ஆக வேண்டும். அனுமதி மட்டும் உள்ள முதல் கட்டத்தில் செயல்படும்போது, இடப்புறத்தில் இருக்கும் கப்பலுக்காக, சூழ்நிலை இடம் தந்தால், இடப்புறம் திரும்புவதைத் தவிர்க்கச் சொல்கிறது அதே விதி. நீங்கள் இடப்புறமும் அவர் வலப்புறமும் ஒரே நேரத்தில் திரும்பினால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள்.

வி.எச்.எஃப். வானொலியும் கப்பலின் பெயரையே காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியும் வந்த பிறகு இந்த ஊதல் பழங்காலத்து வழக்கமாகிவிடவில்லையா?
— வாசகர், கோயம்புத்தூர்

ஆகவில்லை. வானொலியில் பேசுவதில் உள்ள இடர் என்னவென்றால், யாரோடு பேசுகிறோம் என்பதில் பிழை நேரலாம், மொழி புரியாமல் போகலாம், ஒருவரையொருவர் அழைத்து முடிப்பதற்குள் பொன்னான நிமிடங்கள் போய்விடும். மோதலைத் தவிர்க்க வி.எச்.எஃப். வானொலியை நம்புவதன் ஆபத்துகளைப் பற்றி பிரிட்டனின் கடல்சார் நிர்வாகமே எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. இருவரும் பேசி விதிக்கு மாறாக ஓர் ஏற்பாட்டைச் செய்துகொண்டு, அதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வதும் உண்டு. ஐந்து ஊதல்களுக்கு மொழி தேவையில்லை, பெயர் தேவையில்லை, பதிலுக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. கேட்கும் தொலைவில் உள்ள எல்லாருக்கும் ஒரே பொருளைத் தருகிறது.

கருவிகள் நிறைந்த கப்பலிலும் இது மறக்கப்பட்டதற்குச் சான்று 2017 ஜூன் 17 நள்ளிரவுக்குப் பின் ஜப்பான் கடற்கரைக்கு அப்பால் நடந்த விபத்து. அமெரிக்கக் கடற்படையின் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற போர்க்கப்பலும் ஏ.சி.எக்ஸ். கிரிஸ்டல் என்ற சரக்குப் பெட்டகக் கப்பலும் மோதிக்கொண்டன. தூங்கும் அறைக்குள் நீர் புகுந்து போர்க்கப்பலின் ஏழு மாலுமிகள் இறந்தனர். சரக்குக் கப்பல் வலப்புறத்தில் வந்ததால் ஒதுங்க வேண்டியது போர்க்கப்பலே. கடற்படை பின்னர் வெளியிட்ட அறிக்கை தன் அதிகாரி மீது சுமத்திய குறைகளில் மூன்று: விதிப்படி கப்பலைத் திருப்பவில்லை, ஐந்து ஊதல்களை எழுப்பவில்லை, வானொலியிலும் அழைக்கவில்லை. உலகின் மிக நுட்பமான ரேடார்களைச் சுமந்த கப்பலில், விரலால் அழுத்தும் ஒரு பொத்தானை யாரும் தொடவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

மூடுபனியில் ஐந்து ஊதல்களை எழுப்பலாமா?
— வாசகர், உதகமண்டலம்

எதிர்க் கலத்தைக் கண்ணால் காணாதவரை கூடாது. ரேடாரில் தெரிவதைக் ‘காண்பது’ என்று விதி ஏற்பதில்லை. பனியில் ஓடும் எஞ்சின் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மிகாத இடைவெளியில் ஒரு நெடு ஊதலும், நங்கூரமிடாமல், நகராமல் நிற்கும்போது இரண்டு நெடு ஊதல்களும் எழுப்ப வேண்டும். பனிக்குள்ளிருந்து திடீரென்று கலம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், அந்தக் கணம் முதல் 34-ஆம் விதியின் ஊதல்கள் பொருந்தும்.

பத்து மீட்டர் ஃபைபர் படகில் தொழில் செய்கிறோம். இரவில் பெரிய கப்பல் எங்களைப் பார்த்து ஐந்து முறை ஊதினால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? எங்கள் படகில் ஹாரன் இல்லை. நாங்கள் எப்படிப் பதில் சொல்வது?
— வாசகர், நாகப்பட்டினம்

ஐயா, இந்த இதழுக்கு வந்தவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட கடிதம் உங்களுடையது. அந்த ஊதலின் பொருள், ‘நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை’ என்பதே. ஆகவே உங்கள் போக்கை அவருக்குத் தெளிவாகக் காட்டுவதுதான் முதல் பதில். சற்றுச் சற்றாகத் திருப்பினால் உயரத்தில் நிற்கும் அவருக்கு இரவில் அது தெரியாது. ஒரே பக்கமாக, பெரிய அளவில் திருப்புங்கள். முன்னால் கடந்துவிடலாம் என்று எண்ணி அதன் அணியத்துக்கு (முன்முனைக்கு) குறுக்கே ஓட்டாதீர்கள். பெரிய கப்பலை ஓட்டும் மேல்மாடி அறையான பிரிட்ஜிலிருந்து பார்த்தால், முன்முனைக்கு அப்பால் 500 மீட்டர் வரையிலும் கடற்பரப்பு மறைவாக இருப்பதற்கு வேறொரு பன்னாட்டு விதியே இடம்தருகிறது. அந்த மறைவுக்குள் நீங்கள் நுழைந்துவிட்டால் அவர் உங்களைப் பார்க்கவே முடியாது. நிறுத்துவதும் அவர் கையில் இல்லை. 200 மீட்டர் நீளக் கப்பல் முழு வேகத்திலிருந்து எஞ்சினைப் பின்னோக்கி இயக்கி நிற்பதற்குள் மூன்று கிலோமீட்டர் வரை ஓடிவிடலாம்.

வலை போட்டிருக்கும் படகுக்கு எஞ்சின் கப்பல் ஒதுங்க வேண்டும் என்பதும் விதிதான். அந்த உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் வலையைப் படகுக்குள் ஏற்றிக்கொண்டு மீன்பிடிக்கும் இடத்துக்கு ஓடும்போதும் கரை திரும்பும்போதும் விதியின் கணக்கில் நீங்கள் சாதாரண எஞ்சின் படகு. துறைமுகக் கால்வாய்க்குள் வலை போட்டிருந்தாலும் கப்பலின் வழியை மறிக்கக் கூடாது. மீன்பிடிப்பதைக் காட்டும் விளக்குகளைச் சரியாக எரிய விடுவதும், தொழில் செய்யாதபோது அவற்றை அணைப்பதும், எதிரே இருப்பவரின் ஐயத்தைப் பாதி குறைத்துவிடும்.

ஹாரனைப் பொறுத்தவரை, 12 மீட்டருக்குக் குறைந்த படகில் விதிப்படியான விசில் கட்டாயமில்லை. ஆனால் உரத்த ஒலி எழுப்ப ஏதேனும் ஒரு கருவி இருந்தாக வேண்டும். கையில் பிடித்து அழுத்தும் காற்றுக் குப்பி ஹாரன் போதும். ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் பலமாக வீசும் இரவில், எஞ்சின் இரைச்சலுக்கும் மூடிய கண்ணாடிக்கும் நடுவே நிற்கும் அதிகாரிக்கு அது கேட்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஐயம் கொள்ளும் உரிமையும் கடமையும் பெரிய கப்பலுக்கு மட்டும் உரியவை அல்ல. அது உங்கள் மேல் வருகிறதா என்று உங்களுக்கு விளங்காவிட்டால், நல்ல டார்ச்சை எடுத்து, கப்பலின் மேல்மாடிக் கண்ணாடி வரிசையை நோக்கிக் குறைந்தது ஐந்து முறை விரைவாக மினுக்குங்கள். பதில் இல்லையென்றால் மறுபடியும் மினுக்குங்கள். டார்ச்சை அணியத்தில் ஒரு கயிற்றில் கட்டி, கை எட்டும் இடத்தில் தொங்கவிட்டு வைத்திருங்கள். மீன்பெட்டிக்கு அடியில் கிடந்தால் தேடி எடுப்பதற்குள் கப்பல் வந்துவிடும்.